மறைப்பே காப்பாமோ?
'ககுஷிகோதோ' என்னும் ஜப்பானிய நகைச்சுவைத் தொடர் பற்றிய ஒரு திறனாய்வு

அன்பு என்னும் ஒரு சொல்லுக்குள் பல உணர்வுகள் குடியிருக்கின்றன. பேணுதலும் அன்பு, பிரிய அஞ்சுதலும் அன்பு, எனக்கே உரியது என்று இறுகப் பற்றுவதும் தன்னை அன்பு என்றே அழைத்துக்கொள்கிறது. முன்னவை எங்கே முடிந்து பின்னது எங்கே தொடங்குகிறது என்பதை வாழ்க்கையின் நடுவே நின்று காண்பது அரிது. குடும்பத்தில் ஒருவர் மற்றொருவரை மிகையாகக் காக்கும்பொழுது, காக்கப்படுபவர் வாய் திறந்தால் நன்றி மறந்தவர் ஆகிறார்; காப்பவரோ தம் செயலில் குற்றம் காண்பதேயில்லை. ஆதலால் அறவுரையால் எட்ட முடியாத இவ்விடத்திற்கு நகைச்சுவையே துணிந்து செல்கிறது. மோலியேர் 1662-இல் மேடையேற்றிய 'மனைவியர் பள்ளி' என்னும் நாடகத்தில், ஒரு பெண்ணைச் சிறு வயது முதல் உலகம் அறியாதவளாக வளர்த்துத் தனக்கே உரியவளாக்க எண்ணும் காப்பாளன் நகைப்புக்கு இடமாகிறான். அந்த நகைப்பின் கிளை ஒன்று இன்றைய ஜப்பானில் எவ்வாறு தழைத்திருக்கிறது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நம் இல்லங்களில் சிறுவர்கள் டோரேமானையும் சின்சானையும் பார்த்து மகிழ்கின்றனர். அதனால் ஜப்பானியச் சித்திரப் படம் என்றாலே குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்று எண்ணி நாம் செய்தித்தாளுக்குள் முகம் புதைத்துக்கொள்கிறோம். 'அனிமே' என்று அந்நாட்டார் வழங்கும் அசையும் சித்திரக் கலையும், அதற்குப் பெரிதும் ஊற்றாய் அமைந்த 'மங்கா' என்னும் சித்திரக்கதையும் குழந்தைகளுக்கு மட்டும் உரியன அல்ல. குடும்பம், முதுமை, இழப்பு, அலுவலக வாழ்வு ஆகிய அனைத்தும் அங்கே பொருளாகின்றன. நாம் எடுத்துக்கொண்ட தொடர் குமேதா கோஜி என்பார் படைத்த 'ககுஷிகோதோ'. இது சித்திரக்கதையாக 2015 முதல் 2020 வரை திங்களிதழ் ஒன்றில் வெளிவந்து, 12 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. 2020 ஏப்ரல் முதல் சூன் வரை 12 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பாயிற்று. முரானோ யூத்தா இயக்கினார்.

பெயரில் உள்ள பொருள்

தலைப்பிலிருந்தே திறனாய்வைத் தொடங்குதல் தகும். 'ககுஷிகோதோ' என்றால் மறைத்து வைத்த செய்தி என்பது பொருள். அச்சொல்லையே வேறு விதமாகப் பிரித்தால், 'ககு' என்பது வரைதல், 'ஷிகோதோ' என்பது தொழில். ஆக, வரையும் தொழில் என்றாகிறது. கதைத்தலைவனின் பெயரோ கோதோ ககுஷி. குடிப்பெயரைப் பின்னால் வைத்துச் சொன்னால் அவன் பெயரும் தலைப்பாகவே ஒலிக்கிறது. மறைப்பு, தொழில், மனிதன் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் சிலேடையாக அடக்கிவிட்டார் ஆசிரியர். இதனை வெறும் சொல்விளையாட்டு என்று தள்ளிவிடுவதற்கில்லை. இம்மனிதனிடமிருந்து அவன் மறைப்பை நீக்கினால் எஞ்சுவது என்ன என்பதே தொடர் முழுவதும் எழும் வினா.

கதை எளியது. ககுஷி ஒரு சித்திரக்கதை ஆசிரியன். கொச்சையான நகைச்சுவையால் புகழும் பொருளும் ஈட்டியவன். அவனுக்கு ஒரே மகள். பெயர் ஹிமே, அச்சொல்லுக்கு இளவரசி என்பது பொருள். அவள் தாய் கடலில் நேர்ந்த விபத்தில் காணாமற் போனவள். தன் தொழில் மகளுக்குத் தெரிந்தால் அவள் தன்னை வெறுப்பாள், பள்ளியில் பிறர் அவளை எள்ளுவர் என்று தந்தை அஞ்சுகிறான். எனவே ஒவ்வொரு காலையும் அலுவலகம் செல்லும் அலுவலர்போல் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். வழியில் ஒரு துணிக்கடையில் புகுந்து உடை மாற்றிக்கொண்டு, தன் உதவியாளர்கள் காத்திருக்கும் பணிக்கூடத்தை அடைகிறான். மாலையில் மீண்டும் அதே வேடம். பள்ளி ஆசிரியை வீட்டுக்கு வருகிறார் என்றாலும், பதிப்பாளர் அனுப்பிய இங்கிதம் அறியாத இதழாசிரியன் வாயிலில் நின்றாலும், மகளின் தோழியர் ஏதேனும் கேட்டாலும், அவனுக்கு உலகம் இடிந்து விழுகிறது.

நகைப்பின் நிலைக்களன்

நகை என்னும் மெய்ப்பாடு தோன்றும் இடங்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்துரைத்தமை நாம் அறிந்ததே. அவற்றுள் மடன் என்பதற்கு, தான் ஒருமுறை கொண்ட கருத்தை எவ்வாற்றானும் விடாதிருத்தல் என உரையாசிரியர்கள் விளக்கம் தருவர். ககுஷியின் நகைச்சுவை முற்றும் இம்மடனின்பாற்பட்டது. அவன் அறிவிலி அல்லன். தன் துறையில் கூர்மையானவன். உதவியாளர்களின் மனம் அறிந்தவன். ஆயின் மகள் என்ற ஒரு புள்ளியில் அவன் அறிவு நின்றுவிடுகிறது. 'தெரிந்தால் எல்லாம் முடிந்தது' என்று கொண்ட முடிவை அவன் ஒருபொழுதும் மறுபடி எண்ணிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சிறு நிகழ்ச்சிக்கும் அம்முடிவிலிருந்தே பொருள் காண்கிறான். நாம் நகைப்பது அவன் அச்சத்தைக் கண்டு அன்று; அச்சம் எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு உழைப்போடு, நாள்தோறும் ஓர் அலுவலக நடைமுறைபோல் நிறைவேற்றப்படுகிறது என்பதைக் கண்டே நகைக்கிறோம்.

எதிர்ப்புறம் நிற்பது ஹிமேயின் இளமை. பத்து வயதுச் சிறுமி. தந்தை சொல்வதை அப்படியே நம்புகிறாள். ஆனால் ஆசிரியர் அவளை வெறும் பேதையாக விட்டுவிடவில்லை. தாய் இல்லாத வீட்டில் தான் ஒரு சுமையாகிவிடலாகாது என்ற எண்ணம் அச்சிறுமியிடம் ஊறிக் கிடக்கிறது. கேட்க விரும்பியதைக் கேளாமலும், வருத்தத்தை முகத்தில் காட்டாமலும் அவள் இருக்கிறாள். இதனை ஊன்றிப் பார்த்தால் ஒன்று புலனாகும். மறைப்பவன் தந்தை ஒருவனே அல்லன். அவன் மறைக்க மறைக்க, மகளும் தன்னுள் சிலவற்றை மறைக்கப் பழகிக்கொள்கிறாள். மிகைக்காப்பின் உண்மையான விளைவு இதுவே. காக்கப்படும் குழந்தை, காப்பவரைக் காக்கத் தொடங்கிவிடுகிறது. இவ்வளவு பெரிய உண்மையை நகைச்சுவைத் தொடர் ஒன்று குரல் உயர்த்தாமல் காட்டியிருப்பது பாராட்டத்தக்கது.

நாணம் எங்கிருந்து வந்தது?

தந்தையின் அச்சம் நகைப்புக்குரியது எனினும் காரணமற்றது அன்று. ஜப்பானில் சித்திரக்கதைக்கு இன்றுள்ள மதிப்பு நெடுநாளையது அன்று. 1955-ஆம் ஆண்டை ஒட்டித் தீய நூல்களை ஒழிக்க வேண்டும் என்னும் இயக்கம் அங்கே எழுந்தது. சிறுவர் சித்திரக்கதைகளும் அதன் கண்டனத்துக்கு ஆளாயின. 1968-இல் நாகாய் கோ என்பார் தொடங்கிய பள்ளிக் கதை ஒன்றின் கொச்சையான நகைச்சுவையைப் பெற்றோரும் ஆசிரியரும் கடுமையாக எதிர்த்தனர். பின்னர்க் காலம் மாறிற்று. 2006-இல் கியோட்டோ நகரில் மங்காவுக்கென்றே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அரசே அக்கலையை அயல்நாடுகளுக்கு எடுத்துச் சென்று பெருமை கொள்கிறது. எனினும் நாடு பெருமைப்படும் தொழிலை வீட்டில் மகளிடம் சொல்ல ஒருவனுக்கு நா எழவில்லை என்பதில்தான் முரண்சுவை இருக்கிறது. ஊரார் தரும் மதிப்பு வேறு. மகளின் கண்ணில் பெறும் மதிப்பு வேறு.

ஆசிரியர் குமேதாவும் கொச்சை நகைச்சுவை மிகுந்த பனிக்கட்டி ஹாக்கிக் கதை ஒன்றை 1991-இல் தொடங்கிப் பெயர் பெற்றவரே. எதற்கும் நம்பிக்கையிழக்கும் ஆசிரியர் ஒருவரைத் தலைவனாக்கி அவர் எழுதிய மற்றொரு படைப்பு 2007-இல் கோதான்ஷா பரிசு பெற்றது. தன் துறையின் கூச்சங்களை உள்ளிருந்து அறிந்தவர் எழுதியமையால், கெடுநாள் நெருக்கடி, உதவியாளர் முணுமுணுப்பு, பதிப்பகத்தின் அலட்சியம் ஆகியவை இத்தொடரில் உயிரோடு விளங்குகின்றன.

இவ்விடத்தில் நடுவணரசு அலுவலகங்களில் கோப்புகளோடு வாழும் நம் போன்றோர்க்கும் ஒரு சிந்தனை எழாமல் இராது. பள்ளி விண்ணப்பங்களில் 'தந்தையின் தொழில்' என்றொரு கட்டம் உண்டு. அதில் நாம் எழுதும் ஒற்றைச் சொல்லுக்கு அப்பால், நாள் முழுவதும் நாம் செய்வது என்ன என்று நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும்? உயர்வு என்று எண்ணுவதை உரக்கச் சொல்கிறோம். தாழ்வு என்று எண்ணுவதை உடையோடு கழற்றி வைத்துவிடுகிறோம். ககுஷியின் வேடம் மிகைப்படுத்தப்பட்டதே ஒழிய, நமக்கு முற்றிலும் அயலானது அன்று.

யாருக்குக் காப்பு?

இனி இத்தொடரின் மையமான வினாவுக்கு வருவோம். மறைப்பு யாரைக் காக்கிறது? மகளை என்று தந்தை நம்புகிறான். நிகழ்ச்சிகளைக் கூட்டிப் பார்த்தால் விடை வேறாகிறது. மகளை எவரும் எள்ளியதில்லை. எள்ளுவார்கள் என்று அவனே கற்பித்துக்கொள்கிறான். அவன் காப்பது மகளின் நெஞ்சில் இருப்பதாகத் தான் எண்ணும் தன் வடிவத்தையே. மனைவியை இழந்தவனுக்கு எஞ்சியிருப்பது அவ்வொரு பார்வை. அதனையும் இழக்க நேருமோ என்ற நடுக்கமே காப்பு என்ற பெயரில் உலவுகிறது. உடைமையுணர்வு இங்கே பூட்டாகவோ தடியாகவோ வரவில்லை; மென்மையாக, புன்னகையோடு, மகளுக்குப் பிடித்த உணவைச் சமைத்துக்கொண்டு வருகிறது. அதனாலேயே அதனை இனங்காண்பது கடினமாகிறது.

ஜப்பானிய மொழியில் உலகம் அறியாமல் பாதுகாப்பாக வளர்க்கப்பட்ட பெண்ணைப் 'பெட்டிக்குள் வைத்த மகள்' என்னும் பொருள்படும் தொடரால் குறிப்பர். இத்தொடரில் பெட்டிகள் உண்மையாகவே வருகின்றன. கமகுரா நகரில் ஒரு வீடு. அங்கே ஹிமேயின் ஒவ்வொரு வயதுக்கும் உரியனவாகத் தாய் விட்டுச் சென்ற பெட்டிகள். தந்தை மறைத்த சித்திரக்கதைத் தாள்களும் பின்னாளில் அவ்வீட்டில்தான் கிடைக்கின்றன. 18 வயதை எட்டிய ஹிமே தனியாக அவ்வீட்டைத் தேடி வரும் காட்சிகள் தொடரின் இடையிடையே அமைந்து, சிறுமிப் பருவத்து நகைச்சுவையின்மேல் ஒரு நிழலைப் படரவிடுகின்றன. தாய் விட்ட பெட்டி, வளரப்போகும் மகளை எண்ணி வைக்கப்பட்டது. காலம் வந்ததும் திறப்பதற்கே உரியது. தந்தையின் பெட்டியோ திறக்கக் கூடாதென்று மூடப்பட்டது. ஒரே வீட்டில் இவ்விரு வகைப் பெட்டிகளையும் வைத்தது, காப்பு என்பதன் இரு வேறு பொருள்களை அருகருகே வைத்ததற்கு ஒப்பாகும். பெட்டிக்குள் வைத்து வளர்த்த மகளே இறுதியில் பெட்டிகளைத் திறப்பவள் ஆகிறாள்.

கமகுராவின் இரு தந்தையர்

கமகுரா என்றதும் திரைக்கலை ஆர்வலர்க்கு ஓஸு யசுஜிரோ 1949-இல் எடுத்த 'வசந்தத்தின் பிற்பகுதி' என்னும் திரைப்படம் நினைவுக்கு வரும். அதிலும் மனைவியை இழந்த தந்தை. அவரோடு கமகுராவில் வாழும் ஒரே மகள். மகள் தந்தையைவிட்டுப் பிரிய மனமின்றி மணத்தை மறுக்கிறாள். தந்தையோ தாம் மறுமணம் செய்துகொள்ளப்போவதாகப் பொய்யுரைத்து அவளை மணத்துக்கு இசைய வைக்கிறார். திருமணம் முடிந்த இரவில் தனியாக அமர்ந்து பழத்தோலைச் சீவும் முதியவரை எளிதில் மறக்க இயலாது.

இரு தந்தையரும் மகளிடம் பொய் சொல்பவர்கள். ஓஸுவின் தந்தை மகளை அனுப்பிவைக்கப் பொய் சொன்னார். குமேதாவின் தந்தை மகளை அருகிலேயே வைத்துக்கொள்ளப் பொய் சொல்கிறான். முன்னது ஈகை, பின்னது பற்று என்று கூறி நாம் அமைந்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. அங்கும் மகளின் விருப்பம் மதிக்கப்படவில்லை. அவள் நன்மை எது என்பதைப் பெரியவர்களே முடிவு செய்தனர். ஈகையாயினும் பற்றாயினும், மகளைக் கேளாமல் அவள் வாழ்வை வகுக்கும் உரிமை தமக்கு உண்டு என்பதில் இருவரும் ஒத்தே இருக்கின்றனர். எழுபது ஆண்டு இடைவெளியில் நேர்ந்த மாற்றம் தந்தையிடம் இல்லை, மகளிடமே உள்ளது. ஓஸுவின் மகள் பொய்யை நம்பிப் பிரிகிறாள். ஹிமே பெட்டியைத் திறந்து உண்மையை அறிகிறாள்.

இதே காலத்து மற்றொரு தொடரோடும் ஒப்பிடுதல் பயன் தரும். எந்தோ தத்சுயா படைத்து 2022-இல் அனிமேயாக வந்த 'ஸ்பை பேமிலி' பெரும் புகழ் பெற்றது. அதில் யோர் என்னும் பெண்ணின் தம்பி யூரி, தமக்கைமேல் அளவிறந்த பற்றுடையவன். தமக்கையின் கணவனைக் கண்டாலே கொதிப்பவன். அவனது பொறாமை வந்தபோதெல்லாம் நகைப்பு எழுகிறது. ஆனால் அவன் மறைவாகப் பணிபுரிவது மக்களை வேவு பார்க்கும் அரசக் காவல் துறையில். பற்றுடையவன் கையில் அதிகாரமும் இருந்தால் என்ன ஆகும் என்ற வினாவைத் தொட்டும் தொடாமலும் விட்டு, நகைப்பையே திரும்பத் திரும்ப வழங்குகிறது அத்தொடர். அங்கே மிகைக்காப்பு ஒரு பாத்திரத்தின் அடையாளம் மட்டுமே. இங்கே அது ஒரு மனிதனின் வாழ்க்கைப் பிழை. பிழைக்கு விலை உண்டு என்று சொல்லத் துணிவதனால் குமேதாவின் படைப்பு ஒரு படி மேலே நிற்கிறது.

நகைப்பும் இரக்கமும்

நகைப்பதற்கு நெஞ்சம் கணநேரமேனும் மரத்திருக்க வேண்டும் என்னும் கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் பெர்க்ஸன் 1900-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ககுஷியின் வீழ்ச்சி இக்கருத்துக்கு எடுத்துக்காட்டாக அமைகிறது. அவன் குடும்பத்தின் துயரம் வெளியுலகுக்குத் தெரியவந்தபின், பிறரைச் சிரிக்க வைக்கும் தொழிலை அவன் கைவிடுகிறான். இரக்கத்துக்குரியவன் என்று அறியப்பட்டவனின் கோமாளித்தனத்தைக் கண்டு எவர் சிரிப்பார்? மகளிடம் மறைத்தது தொழிலை. உலகிடம் மறைத்தது துயரை. இரண்டு மறைப்புகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒன்று சரிந்ததும் மற்றதும் சரிந்தது. பின்னர் ஒரு விபத்தில் சிக்கி நினைவிழந்து, கண் விழிக்கும்போது தன் மகள் இன்னும் பத்து வயதுச் சிறுமி என்றே நம்பி, எதிரில் நிற்கும் வளர்ந்த பெண்ணை அறியாதவனாகிறான்.

இம்முடிவு செயற்கையானது என்று குறை கூறுவார் உளர். நினைவிழப்பு என்பது கதாசிரியர்கள் தேய்த்துப் பழசாக்கிவிட்ட உத்தி என்பதில் ஐயமில்லை. இறுதிப் பகுதியில் நிகழ்ச்சிகள் மிக விரைந்து அடுக்கப்படுவதும் உண்மையே. எனினும் கருத்தளவில் இம்முடிவு தொடரின் அறத்தீர்ப்பாகவே நமக்குப் படுகிறது. மகளை வளரவிடாத அன்பு, இறுதியில் வளர்ந்த மகளைக் கண்டுகொள்ள இயலாத அன்பாகிவிடுகிறது. அவனை மீட்பதும் அவன் மறைத்த அதே சித்திரக்கதைகள்தாம். எதனைக் கண்டால் மகள் வெறுப்பாள் என அஞ்சினானோ, அதனையே கையில் ஏந்தி மகள் அவன் முன் நிற்கிறாள்.

தொடரின் முடிவுப் பாட்டாக ஓஹ்தாகி எய்ச்சி 1981-இல் பாடி வெளியிட்ட பழம்பாடல் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் குறிப்பிடத்தக்கது. அதனை எழுதிய மத்சுமோதோ தகாஷி தம் தங்கையை இழந்த துயரில் இருந்தபோது பிறந்த பாடல் அது. மங்கிய நினைவுகளுக்கு வண்ணம் வேண்டுவது. இழந்தவரைச் சிறைவைக்காமல் நினைவில் கொள்ள இயலும் என்று சொல்வதுபோல், ஒவ்வொரு பகுதியின் நகைப்புக்குப் பின்னும் அப்பாடல் வந்து அமைகிறது.

குறைகளையும் சொல்லுதல் திறனாய்வாளர் கடன். மகளுக்காக ககுஷி கூறும் சொற்களைத் தம்பால் கொண்ட காதலாகக் கருதி மயங்கும் பெண்கள் பலர் இத்தொடரில் வருகின்றனர். ஒருமுறை சுவைக்கும் அவ்வேடிக்கை பலமுறை வந்து சலிப்பூட்டுகிறது. அப்பெண்களுக்குத் தமக்கென ஒரு மனம் இருப்பதை ஆசிரியர் கருதவேயில்லை. தாயும் பெட்டிகளாகவே எஞ்சுகிறாள். அவள் எத்தகையவள் என்பது நமக்கு எட்டுவதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஹிமே ஒருமுறையேனும் சினந்திருக்கலாம். தன்னிடம் இத்தனை ஆண்டுகள் மறைத்த தந்தையை அவள் ஒரு சொல்லாலும் கடிந்துகொள்வதில்லை. குற்றம் செய்த அன்பை முற்றும் மன்னிக்கும் குழந்தையைப் படைப்பது, பெற்றோராகிய நமக்கு ஆறுதல் தரும். பிள்ளைகளுக்கு நீதி தருமா என்பது ஐயமே. மன்னிப்பு இனிமையாவது, மன்னிக்காதிருக்கவும் உரிமை உள்ளவர் அதனைத் தரும்போதுதான்.

இக்குறைகள் இருப்பினும் 'ககுஷிகோதோ' நின்று நிலைக்கத்தக்க நகைச்சுவைப் படைப்பு என்பது நம் துணிபு. மிகைக்காப்பைக் கண்டு நகைத்தல் எளிது. அதன் வேரில் கிடக்கும் அச்சத்தையும் நாணத்தையும் காட்டி, அதற்குரிய விலையையும் சொல்லி, அதன் பின்னும் அம்மனிதனை வெறுக்கவொட்டாமல் செய்தல் அரிது. பிள்ளைகளின் நலத்துக்காக நாம் மறைப்பனவற்றுள் எத்தனை உண்மையில் அவர்கள் நலத்துக்காக, எத்தனை நம் நலத்துக்காக என்று எண்ணிப் பார்க்கும் வேலையை இத்தொடர் நம்மிடம் ஒப்படைக்கிறது. ஒரு பெட்டியை நாமே உரிய காலத்தில் திறந்து காட்டினால் அது கொடையாகும். பிள்ளைகள் தேடி வந்து திறக்க நேர்ந்தால் அது வழக்காகிவிடும். திறவுகோல் இன்னும் நம் கையில் இருக்கும்போதே இதனை உணர்தல் நன்று.